ஏறிப் பார்க்காத மாடி

என் பெயர் வேணி, வயது 36, கணவர் பெயர் முருகானந்தம். திருவானைக்காவல், கொண்டையம்பேட்டையில் குடியிருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்து, வயரிங் லைசென்ஸ் பெற்று, துவாக்குடியில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன்.

என் கணவரின் அண்ணன் வீரமலை ஸ்ரீரங்கத்தில் தன் வீட்டின் மேல் மாடி கட்டினார். வயரிங் வேலையை நான் செய்து தருவதாகச் சொன்னேன். அவர் மனைவி மணிமேகலையும், "வேணியே செய்யட்டுமேங்க, அதுக்குத்தானே படிச்சிருக்கா" என்றார். அதற்கு வீரமலை, "நம்ம வீட்டுப் பொம்பள ஏணியில ஏறி நிக்கிறத தெருவே பாக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டும் செந்தமிழன் என்பவரிடம் வேலையைக் கொடுத்தார். துவாக்குடியில் நான் ஏணியில் ஏறுவது இதுவரை யார் கண்ணையும் உறுத்தவில்லை.

அதன் பிறகு 12.02.2025 காலை, மாடிக்கு மின் இணைப்பு வாங்க லைசென்ஸ் உள்ளவர் கையெழுத்து வேண்டும் என்று வீரமலை என்னைக் கூப்பிட்டார். போனேன். வாசலில் நின்றபடி, "எர்த் போட்டாச்சா மாமா?" என்று கேட்டதற்கு, "எல்லாம் பக்காவா இருக்கு. நீ கையெழுத்த மட்டும் போடும்மா" என்றார். மணிமேகலை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "மேல வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போயேன் வேணி" என்று கூப்பிட்டார். எனக்கு ரோஷம். வேலைக்கு வேண்டாதவள் வேடிக்கை பார்க்க மட்டும் வேண்டுமா என்ற கோபத்தில், "நேரமாச்சுக்கா" என்று சொல்லிவிட்டு, நேரில் சோதித்துப் பார்த்ததாக அச்சடித்திருந்த தாளை ஸ்கூட்டி சீட்டின் மேல் வைத்துக் கையெழுத்திட்டேன்.

அதன் பிறகு 19.04.2025 காலை, மாடிச் சமையலறையில் மாவு அரைத்துக்கொண்டிருந்த மணிமேகலை ஈரக்கையுடன் கிரைண்டரைத் தொட்டபோது மின்சாரம் தாக்கி இறந்தார். அன்றுதான் முதன்முதலாக அந்த மாடிக்கு ஏறினேன். போலீசார் முன்னிலையில் மெயினை அணைத்து சுவிட்ச் பெட்டியைக் கழற்றினேன். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த்தின் பச்சை வயர் எதிலும் சேராமல், சுருட்டி டேப் ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. எர்த் குழி தோண்டினால் வாசலில் போட்ட புது டைல்ஸ் உடையும் என்று வீரமலை தடுத்துவிட்டதாகச் செந்தமிழன் அழுதுகொண்டே சொன்னார்.

லைசென்ஸ்காரி பார்த்துக் கையெழுத்துப் போட்டதை நம்பித்தான் குடிபோனோம் என்று வீரமலை இப்போது என் மேல் புகார் கொடுத்திருக்கிறார். அவரை நான் மன்னிக்கமாட்டேன். ஆனால் அந்த மாடிக்குப் பதினெட்டுப் படிகள்தான். கூப்பிட்டது அக்கா.

மேற்கண்டவை நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன, அத்தனையும் உண்மை. ஒவ்வொரு வரியையும் நானே படித்துப் பார்த்த பிறகு கையெழுத்திடுகிறேன். பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு தாளில்தான்.

(ஒப்பம்) மு. வேணி