சூடேறாத வயர்லெஸ்

தலைமை தாங்கும் ஊர்க்கவுண்டர் செங்கோட்டையன் ஐயா அவர்களே! சேலம் வயர்லெஸ் பட்டறையிலிருந்து மலையேறி வந்திருக்கும் மேலாளர் கலைமணி அம்மா அவர்களே! செவிலியர் அனுராதா அவர்களே! மகன் ஜீவானந்தத்தைப் பறிகொடுத்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பொன்னம்மாள் அக்கா! கடைசி வரிசையில் தலைகுனிந்திருக்கும் ஜீப் ஓட்டுநர் கருப்பண்ணன் தம்பி! திருப்புலி நாட்டுப் பெரியோர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே! குழுவின் கணக்கை எழுதுபவள் என்பதால் என்னைப் பேசச் சொன்னீர்கள். நம் மலைச்சாமி அறப்பளீசுவரன் என் நாவை நடுங்காமல் காக்கட்டும்.

பொறியாளர் ஜீவானந்தம் எதற்காக இந்த மலைக்கு வந்தார்? போன் கம்பி எட்டாத நம் ஊர்களுக்குப் பட்டறை கொடுத்த கைவயர்லெஸ், நாலு வார்த்தை பேசுமுன் சார்ஜ் இறங்கிப் போனதே, அதற்காக வந்தார். குரலைப் பெருக்கி அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபையர், நாம் கத்தினாலும் கிசுகிசுத்தாலும், பேசாமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாலும் பாட்டரியை ஒரே அளவாக உறிஞ்சியது. மிச்சமெல்லாம் சூடாக வீணானது. நாமோ அந்தச் சூட்டை விரும்பினோம்! பொத்தானை அழுத்தி, பெட்டியின் முதுகு சூடேறிய பிறகே பேசப் பழகினோம்.

"பனிக்கு எதமா இருக்குதுங்க சாமி," என்றாள் நம் பாப்பாத்தி.

"உங்க கைக்குக் கணப்பு, பாட்டரிக்குச் சாவுங்க அக்கா," என்று சிரித்தார் அவர். "குரலுக்குத் தக்கன மட்டும் கரண்டு எடுக்கற மாதிரி பண்ணிப்போடறேன், பாருங்க."

பண்ணினாரே! குரல் ஏறினால் ஏறி, தாழ்ந்தால் தாழும் மின்சாரம். முதலில் பேச்சு கரகரத்து உடைந்தது. பாட்டரியை மிச்சம் பிடித்தால் தெளிவு போயிற்று. தெளிவைக் காத்தால் பாட்டரி போயிற்று. சோறு மறந்து, தூக்கம் மறந்து இரண்டையும் இணக்கினார் அந்த உத்தமர். ஒரே ஒரு பெட்டிதான் முடிந்தது.

அதை எடுத்துக்கொண்டு அவர் போன ஜீப், அடிவாரக் காரவள்ளிக்கு மேலே கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து உருண்டது. நெஞ்சில் அடிபட்டுக் கிடந்தவரின் பக்கத்தில் கருப்பண்ணன் புதுப் பெட்டியை எடுத்து அழுத்தினார். முதுகு சூடேறவில்லை. செத்துப்போச்சு என்று கீழே வைத்தார். பழையதை அழுத்தினார். சூடேறியது. பேசினார். "எந்த வளைவுங்க?" என்று சேந்தமங்கலம் ஆஸ்பத்திரியிலிருந்து கேட்கும்போதே அது அடங்கிப்போனது. வளைவு வளைவாகத் தேடி வண்டி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. புதுப் பெட்டியில் சார்ஜ் நிறைந்திருந்தது, ஐயோ!

தம்பி, அழாதீங்க. உங்கள் இடத்தில் எங்களில் யார் வேறு மாதிரி செய்திருப்போம்?

கலைமணி அம்மா! மழை நெருங்குகிறது. மற்ற ஊர்களில் இருப்பவை எல்லாம் பழைய பெட்டிகள். என் மகள் ராதிகா நிறைமாதக்காரி. ரோடு அறுந்தால் எங்கள் குரல் மட்டும்தான் மலையிறங்கும். அதுவும் பாதியில் நின்றால் நாங்கள் யாரைக் கூப்பிடுவோம்? சூட்டுக்குக் காத்திராமல் பேசச் சொல்லி, எங்கள் குழு ஊர் ஊராகப் போய்ப் பழக்கும். ஜீவானந்தத்தின் பெயரால் இது சத்தியம். ஆனால் பெட்டிக்குள் கைவைக்க எங்களுக்குத் தெரியாதே!

"அவருக்கு ஈடா எங்ககிட்ட ஆள் இல்லீங்க," என்று சற்று முன் நீங்களே கலங்கினீர்கள். அவர் செய்த பெட்டி இதோ இருக்கிறது. எடுத்துப் போங்கள், பிரித்துப் பாருங்கள். மற்றவற்றையும் அப்படியே மாற்றித் தர ஓர் ஆளை அனுப்புவீர்களா, மாட்டீர்களா? சீக்கிரம் பதில் சொல்லுங்கள், அம்மா.