தராசில் கை படாமல்

அன்று தமிழ்க் கடைக்குள் நான் சொல்லாதவற்றை முதலில் பதியும்படி கேட்டேன். அதிகாரி உடன்பட்டார். துவக்கு, அங்கு வேலை செய்யும் சவிரிமுத்து மடுத்தீனுடையது என்று நான் சொல்லவில்லை. அவர் அதைத் தொட்டார் என்று சொல்லவில்லை. அவர் கேட்டதால்தான் அதைக் கொண்டுவந்தேன் என்றும் சொல்லவில்லை. இந்த மூன்றும் முதல் அறிக்கையில் என் பெயரின் கீழ் உள்ளன. அன்றிருந்த சத்தத்தில் யார் சொன்னது யார் பெயரில் எழுதப்பட்டது என்று எனக்குத் தெரியாது. அவர் முழந்தாளிட்டபோது "எழும்புங்கோ அண்ணை" என்றும் நான் சொல்லவில்லை. அது அறிக்கையில் இல்லை.

என் பெயர் யசோதினி குணசேகரம். வயது இருபத்தேழு. யாழ்ப்பாணத்தில் பிறந்து பத்து வயதில் பிரான்சுக்கு வந்தேன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளது. சென் தெனியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வசிப்பது பரிஸ் பதினெட்டாம் வட்டாரத்தில், ரூ பஜோல் என்ற தெருவில், தனியாக. இந்த வாக்குமூலத்தைப் பிரெஞ்சில் அளித்தேன். மடுத்தீனுக்குப் பிரெஞ்சு வாசிக்க வராததால், அவருடைய சட்டத்தரணி பியட்றிஸ் கேட்டபடி தமிழ்ப் பிரதியையும் நானே எழுதுகிறேன். ஆயுதக் குற்றச்சாட்டு நிலைத்தால் அவருடைய வதிவிட விண்ணப்பம் அத்தோடு முடிந்துவிடும் என்று சட்டத்தரணி எனக்குச் சொன்னார். அதை அறிந்தே பேசுகிறேன். அதற்காக எதையும் மாற்றிச் சொல்லவில்லை.

நான் துவக்குச் சுடும் கழகம் ஒன்றின் உறுப்பினர். அனுமதிப் பத்திரம் உண்டு. நான் பங்குபற்றும் போட்டியில் துவக்கைக் கையில் பிடித்துச் சுடுவதில்லை. மேசையில் முன்பக்கம் ஒரு தாங்கியிலும் பின்பக்கம் ஒரு மணல் பையிலும் அதைக் கிடத்தி, நூறு மீற்றர் தூரத்தில் உள்ள கடதாசியில் ஐந்து துளைகளை இயன்றவரை ஒரே துளையாக விழச் செய்ய வேண்டும். உடம்பின் வேலை குறைவு என்பதால் விதிகள் எல்லாம் கருவியைப் பற்றியவை. தாங்கியும் பையும் ஒன்றோடொன்று இணைந்திருக்கக் கூடாது. பைக்குள் மணலைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. துவக்கின் முன்கட்டை மூன்று அங்குலத்துக்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. என் பிரிவில் மொத்த நிறை நான்கு கிலோ எழுநூற்று அறுபத்திரண்டு கிராமைத் தாண்டக் கூடாது. அந்த நிறையில் தொலைநோக்கியும் கூலாசும் அடக்கம். கூலாஸ் என்பது சுடுவதற்கு முன் பின்பக்கத்தில் செருகும் இரும்புத்தண்டு. அது இல்லாமல் துவக்கு சுடாது. ஆகவே வழியில் கொண்டுபோகும்போது அதைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும் என்பது சட்டம். நிறுக்கும்போது அதையும் சேர்க்க வேண்டும் என்பது போட்டி விதி. அன்று நடந்தது இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு துவக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, கூலாசைத் துணியில் சுற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டு, கழகத்துக்குப் போக கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்தேன். மறுநாள் காலை போட்டி. தோட்டாக்கள் கழகத்தின் பாதுகாப்பறையில் இருந்தன, என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த வாரம்தான் தொலைநோக்கியை மாற்றியிருந்தேன். புதியது பழையதை விடப் பாரம். வீட்டில் இருந்த தராசு ஒவ்வொரு முறையும் வேறு நிறை காட்டியது. கழகத்தில் கருவிகளைப் பரிசோதிக்கும் ழான்-லூக்கிடம் தொலைபேசியில் கேட்டேன். நிறை கூடினால் என்னைத் திருப்பி அனுப்புவதாகவும், அதில் முகம் பார்க்கப் போவதில்லை என்றும் சொன்னார். அதன் பின் ரூ து ஃபொபூர் சேன்-தெனி வழியாக நடந்துகொண்டிருந்தபோது, நான் வழக்கமாக மீன் வாங்கும் கடையின் தராசு நினைவுக்கு வந்தது. அதில் அரச பரிசோதனையின் பச்சை முத்திரை ஒட்டியிருக்கும். அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்த சரியான தராசு அது. ஆகவே உள்ளே போனேன். வேறு நோக்கம் இருக்கவில்லை.

கடையில் மடுத்தீனும், கமலராணி என்ற வாடிக்கையாளரும் இருந்தார்கள். மடுத்தீன் அங்கு மீன் வெட்டுபவர், மன்னாரைச் சேர்ந்தவர், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கடைக்குப் போகும் நாட்களில் அவரோடு இரண்டு வார்த்தை பேசுவேன், அவ்வளவுதான் பழக்கம். பெட்டியைப் பார்த்துவிட்டு அவர், "என்ன பிள்ளை, கீபோட்டோ? கோயில்லை வாசிக்கப் போறீரோ?" என்றார். துவக்கு என்றேன். பகிடி விட வேண்டாம் என்றார். அனுமதிப் பத்திரத்தைக் காட்டி, நிறுக்க வேண்டும் என்றேன். அவர் மேசையை விட்டு ஓர் அடி பின்னுக்குப் போனார்.

"நான் தொடமாட்டன். நீர் வையும்."

"தொடத் தேவையில்லை அண்ணை. தொட்டால் நிறை பிழைக்கும். கை படக் கூடாது."

அதன் பின் அவர் தராசுத் தட்டைத் துடைத்து, தட்டு சிறிதாக இருந்ததால் மாம்பழப் பெட்டியின் மூடியை அதன் மேல் வைத்து, அதன் நிறையைக் கழிக்கும் பொத்தானை அழுத்தினார். கமலராணி கடையின் உட்புறத்தில் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "மீன் நிறுக்கிற தட்டிலையோ வைக்கிறியள்? இனி உன்ரை துவக்கு சூடை மீன் மணக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த வயசிலை மற்றப் பிள்ளையள் தாலிக்குப் பவுண் நிறுக்குதுகள்" என்றார். மடுத்தீன் சிரித்தார்.

என் பெட்டியைத் திறந்து, துவக்கை அந்த மாம்பழப் பெட்டி மூடியில் கிடத்தினேன். அதன் வாய் ஆளை நோக்கக் கூடாது என்பது கழகத்தில் முதல் நாள் பழக்கும் விதி. தோட்டா இல்லாவிட்டாலும், கூலாஸ் இல்லாவிட்டாலும் அப்படித்தான். உட்புறத்தில் கமலராணி நின்றார். தராசுக்குப் பின்னால் மடுத்தீன் நின்றார். ஆள் இல்லாத பக்கம் வாசல் மட்டும். ஆகவே வாயை வாசலுக்குத் திருப்பினேன். அதை யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. வாசல் கண்ணாடி என்பதையும், அதற்கு வெளியே நடைபாதை என்பதையும் அப்போது நான் நினைக்கவில்லை. அதன் பின் கூலாசைத் துணியிலிருந்து எடுத்து, துவக்கில் செருகாமல், மூடியின் மேல் அதன் பக்கத்தில் வைத்தேன். சேர்த்து நிறுக்க அது போதும். நான்தான் வைத்தேன்.

வெயில் தராசின் இலக்கங்களில் விழுந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மடுத்தீன் தராசுக்குப் பின்னால் குனிந்து, ஒரு கையை நெற்றிக்கு மேல் நிழலாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். அவருடைய மற்றக் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. கை படக் கூடாது என்று நான் சொன்னதற்காக அதை அங்கே வைத்திருந்தார். நான்கு எழுநூற்று ஐம்பத்தைந்து என்றார். இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். அதே நிலையில் நின்று மறுபடியும் பார்த்தார்.

"அதே தான். இதாலை என்னத்தைச் சுடுறனீர்?"

"கடதாசியை அண்ணை."

"கடதாசியைச் சுடவோ இவ்வளவு சட்டம்? எங்கடை பக்கம் ஆக்களைச் சுட்டவங்கள், ஒருத்தரும் நிறுத்துப் பார்க்கேல்லை."

அவர் இதைச் சிரிக்காமல் சொன்னார். கோபமாகவும் சொல்லவில்லை. வெளியே போன யாரோ கண்ணாடிக்கூடாகப் பார்த்துப் பொலிசுக்கு அறிவித்ததாகப் பிறகு அறிந்தேன். பார்த்தவர் சொன்னது, ஒருவர் குனிந்து வாசலை நோக்கிக் குறி பார்த்தார் என்பது. வெளியே நின்று பார்த்தால் அப்படித்தான் தெரிந்திருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

அதன் பின் நான் தொலைநோக்கியின் திருகாணியை இறுக்கி மறுபடி நிறுக்கக் கேட்டேன். அவர் தராசை மறுபடி பூச்சியமாக்கித் தந்து, மூன்றாம் முறையும் குனிந்தார். அந்த நேரம் பொலிசார் உள்ளே வந்தார்கள். என்ன கத்தினார்கள் என்பது முழுவதும் எனக்கு விளங்கவில்லை, பிரெஞ்சு தெரிந்தும். மடுத்தீனுக்குப் பிரெஞ்சு மிகக் குறைவு. ஆனால் அவர்கள் சொல்லி முடிக்கும் முன்னரே அவர் பின்வாங்கி, முழந்தாளிட்டு, விரல்களைக் கோத்துக் கைகளைத் தலைக்குப் பின்னால் வைத்து, கண்ணை நிலத்தில் வைத்துக்கொண்டார். என் கையை ஒருவர் பிடித்து இழுத்தபோது என் தோள்பை மூடியில் பட்டது. மூடி சரிந்தது. துவக்கு மேசையில் கிடந்தது. கூலாஸ் உருண்டு கீழே மரவள்ளிக்கிழங்குப் பெட்டிக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டது. ஆகவே அது கிழங்குக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்று முதல் அறிக்கையில் இருப்பது சரியல்ல. மடுத்தீன் அதைத் தொடவில்லை. துவக்கையும் தொடவில்லை. அதில் அவருடைய விரலடையாளம் இருந்தால் நான் இப்போது சொல்வது அவ்வளவும் பொய்.

துவக்கு என்னுடையது என்று இரண்டு முறை பிரெஞ்சில் சொன்னேன். கமலராணி, "அவர் மீன் வெட்டுறவர், அவரை விடுங்கோ" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அதை மொழிபெயர்க்க என்னை விடவில்லை. மடுத்தீனின் மேலங்கிப் பையில் தொலைபேசி அதிர்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்க அவர் கை அசையவில்லை. மூடி விழுந்த பிறகு தராசு பூச்சியத்துக்குக் கீழே ஓர் இலக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

அதிகாரி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். துவக்கையும் கூலாசையும் தனித்தனியே நிறுத்துக் கூட்டியிருக்கலாமே என்றார். கூட்டியிருக்கலாம். ஆனால் அந்தத் தராசு ஐந்து கிராமுக்கு ஒருமுறைதான் நகரும். இரண்டாக நிறுத்தால் இரண்டு பிழை சேரும். வரம்புக்கு மீதி இருந்தது ஏழு கிராம். விதியை ஏன் இவ்வளவு பார்த்தீர்கள் என்றும் கேட்டார். அந்தக் கேள்வியையும் எழுதச் சொன்னேன். அப்படியே எழுதினார். துவக்கைப் போகும் வழியில் கடைக்குள் திறந்தது பிழை என்றால், அது என் பிழை மட்டும்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் "பிடித்தார்" என்று இருந்ததைக் "குனிந்தார்" என்று திருத்தினேன். நான் கண்டதையும் செய்ததையும் மட்டும் சொல்லியிருக்கிறேன். யாரும் சொல்லித் தந்து சொல்லவில்லை. இதற்கு நானே பொறுப்பு.

ஒப்பம்: கு. யசோதினி

ஒப்பத்துக்குப் பின் சேர்த்தது: வாக்குமூலம் ஏற்கப்பட்டது. துவக்கில் என் விரலடையாளங்கள் மட்டுமே இருந்தன. மடுத்தீன் மீதான ஆயுதக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. எனக்கு அபராதம் விதித்து அனுமதிப் பத்திரத்தை நிறுத்தி வைத்தார்கள். மடுத்தீன் கைதான அன்று அவருடைய கடதாசிகளைப் பார்த்ததில், பழைய அகதி விண்ணப்பம் ஒன்றின் நிராகரிப்பு இருந்ததால், பொலிஸ் நிலையத்திலிருந்து அவரை விமான நிலையத்துக்கு அருகில் உள்ள தடுப்பு மையத்துக்கு மாற்றியிருந்தார்கள். குற்றச்சாட்டு கைவிடப்பட்ட கடிதத்தைச் சட்டத்தரணி அங்கே கொண்டுபோனார். அன்று காலையே மடுத்தீனைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.