பெல்ட்டில் ஊறிய கிரீஸ்

ஏ.டி.வி. என்கிற நாலு சக்கர மேட்டு வண்டியின் கிளட்ச் தட்டுகளுக்குக் கிரீஸ் ஆகாது. இரண்டு தட்டுகள், நடுவே ஒரு ரப்பர் பெல்ட். எஞ்சின் வேகமெடுத்ததும் தட்டுகள் நெருங்கி வந்து பெல்ட்டைக் கவ்வும், வண்டி நகரும். கிரீஸ் பட்டால் பெல்ட் வழுக்கும். எஞ்சின் அலறும், சமதரையில் வண்டி ஊர்ந்து போகும், மேடு ஏறாது.

இது கிருஷாந்துக்கும் தெரியும். தோட்டத்து வண்டியை ஓட்டுவதும் கழுவுவதும் அவன்தான். பெல்ட்டில் கிரீஸ் ஊறியிருந்தது என்பதற்காக அவனை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறீர்கள். அவன் பூசவில்லை, மேனேஜர் ஐயா. நான் பூசினேன்.

என் மனைவி குமாரிக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் முடிந்ததும் நிவித்திகலவிலுள்ள தாய்வீட்டுக்குப் போக வேண்டும். பிள்ளை பிறந்து, உடம்பு தேறித்தான் திரும்புவாள். எங்கள் ஆட்களின் வழக்கம் அது. நான் மறுப்புச் சொல்லவில்லை. பையைக்கூட நான்தான் அடுக்கினேன்.

அந்த வீட்டில் அவள் உரக்கச் சிரிப்பாள். வாசலுக்கு வெளியே நின்றாலும் கேட்கும். என் வீட்டில் அப்படிச் சிரித்ததில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகள் பள்ளத்தில் இருக்கின்றன. பையும் ஆளுமாக மெயின் ரோட்டுக்கு ஏற அந்த ஒரு வண்டிதான். முன்பும் அவளுடைய பயணங்களை இப்படி நிறுத்தியிருக்கிறேன். விரல் நுனியில் கொஞ்சம் கிரீஸ் போதும். சாயங்காலம் மூடியைக் கழற்றித் தட்டுகளைத் துடைத்துவிட்டால் ஓடும். டெக்னிக்கல் கொலேஜில் படித்தவன் என்பதால் யாரும் எதுவும் கேட்டதில்லை. "உங்க கை ராசியான கைங்க" என்பாள் குமாரி.

அன்று காலை கிருஷாந்த் பையை ஏற்றிக்கொண்டே கேலி செய்தான்.

"அண்ணே, இனிமே நீங்களே சோறாக்கணும். பருப்பு கருகுற வாடை மெயின் ரோட்டு வரைக்கும் வரப்போவுது."

"வரட்டும் தம்பி. அப்பவாச்சும் என்னைய நெனப்பாரு" என்றாள் குமாரி.

முதல் ஏற்றத்திலேயே வண்டி நின்றது. இந்த முறை கூடுதலாகப் பூசியிருந்தேன். புது பெல்ட் வேண்டும் என்று சொல்லிக் கிருஷாந்தை இரத்தினபுரிக்கு அனுப்பினேன். இன்னும் ஒரு நாள் அவள் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் அவளுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது. மழையில் அரித்துப்போன பாதையில் இறங்க முடியாமல் மேலே ரோட்டிலேயே நின்றது. பக்கத்து வீட்டு ஏழுமலை மாமா ஒரு கம்பளியோடு நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"ஸ்ரீதரா, தூக்கிட்டே ஏறிருவோம்."

"குலுங்கும் மாமா. அஞ்சு நிமிஷம். வண்டி சரியாயிரும்."

குலுங்கும் என்பது உண்மைதான். வண்டி அங்கேயே நின்றால் கிருஷாந்த் வந்து மூடியைத் திறப்பான் என்பதும் உண்மை. ஓடிவிட்டால் யாரும் திறக்க மாட்டார்கள்.

அவளைப் பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்துவிட்டுத் துடைத்தேன். "அவசரப்படாதீங்க. நீங்க சரி பண்ணிருவீங்க" என்றாள். தட்டுகள் பளபளத்தன. ஸ்டார்ட் செய்தேன். எஞ்சின் அலறியது. ரப்பர் கருகும் வாடை வந்தது. வண்டி ஏறவில்லை. இரும்பைத் துடைத்துவிடலாம், ரப்பர் குடித்ததைத் திரும்ப வாங்க முடியாது. அது எனக்குத் தெரியும். மறுபடியும் கழற்றினேன், மறுபடியும் துடைத்தேன். அஞ்சு நிமிஷம் என்று எத்தனை முறை சொன்னேனோ. சீட்டின் நிறம் மாறியிருந்தது.

"ஸ்ரீதரா, போதும்பா" என்றார் ஏழுமலை மாமா. "புடிங்கடா."

என்னைக் கேட்காமலே அவளைத் தூக்கினார்கள்.

நான் பின்னால் போகவில்லை. மூடி திறந்து கிடந்தது. தட்டின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கிரீஸ் இருந்தது. கிருஷாந்த் வருவதற்குள் துடைத்து முடித்தேன்.

பாதி வழியில் என்னைக் கேட்டாளாம். வண்டியைச் சரிபண்ணிக்கொண்டு பின்னாலேயே வருகிறார் என்று மாமா சொன்னாராம். ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளும் இல்லை, வயிற்றிலிருந்த பிள்ளையும் இல்லை.

கடைசி நேரத்தில் அவளிடம் பொய் சொல்லிவிட்டேனே என்று மாமா இன்னும் அழுகிறார். அது பொய் இல்லை, ஐயா. நான் வண்டியைச் சரிபண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.