துப்பாக்கி மேல் தப்பில்லை

அந்தத் துப்பாக்கியால் ஒருமுறை ஒரே தோட்டாவில் இரண்டு மான்களைச் சாய்த்திருக்கிறேன். தோட்டா அதோடு நிற்காமல் பின்னாலிருந்த மரத்துத் தேன்கூட்டையும் துளைத்தது. தேன் சரியாக என் காபிக் குவளைக்குள் வந்து விழுந்தது. சர்க்கரை போடுகிற வேலை மிச்சம். மொன்டானாவில் எங்கள் ஊரில் இதை நம்புகிறவர் ஒருவரும் இல்லை. தபால் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவன் நான். வீட்டுக்கு வீடு கடிதத்தோடு ஒரு கதையும் போட்டுவிட்டுப் போனவன். கேட்பார்கள், சிரிப்பார்கள், நம்பமாட்டார்கள்.

அதனால் இன்று காலை ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போய், என் வேட்டைக் கூட்டாளி ஆர்லோவைச் சுட்டது நான்தான் என்று சொன்னபோது, துணை ஷெரிஃப் டேரல் காபியை ஊதிக்கொண்டே, "மான் எத்தனை விழுந்துச்சு பெருசு?" என்று கேட்டதில் எனக்கு வருத்தமில்லை.

மனசாட்சி உறுத்தி நான் அங்கே போகவில்லை. மாவட்டப் பணிமனையில் இன்று மதியம் அந்தத் துப்பாக்கியை கேஸ் கட்டரால் துண்டு போடுவதாக இருந்தார்கள். ஆர்லோவின் மனைவி நெல்டா கேட்டுக்கொண்டது. தானாக வெடித்துத் தன் புருஷனைக் கொன்ற சனியன் இன்னொரு வீட்டுக்குப் போகக்கூடாது என்றாளாம். நல்ல பெண். ஆனால் அது தானாக வெடிக்கவில்லை. ஒரு தப்பும் செய்யாததை வெட்டிப்போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது.

முதலில் அது என்னுடையது. நீலம் பாய்ந்த கறுப்புக் குழல், என் கன்னம் பட்டுப் பட்டுப் பளபளத்த வால்நட் கட்டை. தோளில் வைத்தால் அதுவே மானைத் தேடிக்கொள்ளும். நான் கண்ணை மூடிக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான். ஒரு குளிர்காலத்தில் வண்டியின் கியர் பெட்டி நொறுங்கியது. வண்டி இல்லாமல் வேலை இல்லை. துப்பாக்கியை ஆர்லோவிடம் விற்றேன். அவன் என்றைக்கு விற்பதானாலும் முதலில் என்னிடம்தான் என்று கை குலுக்கிக்கொண்டோம். எங்கள் பக்கம் அந்தக் கைகுலுக்கல் பத்திரத்துக்குச் சமம்.

அவன் வாக்குத் தவறவில்லை. ஒரு வருடம் கூரை ஒழுகியபோது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்குத்தான் வந்தான். நான் பேரம் பேசினேன். பேரம் பேசாமல் வாங்கினால் அவனுக்கே அவமானம் என்று நினைத்தேன். "யோசிச்சு வைடா, காலையில வர்றேன்" என்று போனான். காலைக்குள் அவனுடைய மச்சான் கூரைக்குத் தகரம் கொண்டுவந்து இறக்கிவிட்டான்; விற்கிற அவசியமே போய்விட்டது. அந்த ஒரு ராத்திரியை நான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். என் மனைவி என்னைவிட்டுப் போன ராத்திரிகூட எனக்கு அவ்வளவாக ஞாபகமில்லை.

அதன்பிறகு அதைத் தொட எனக்குக் கிடைத்த இடம் வேலி மட்டும்தான். முள்கம்பி வேலியைத் தாண்டும்போது துப்பாக்கியைத் திறந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். தாண்டியவன் அந்தப் பக்கம் போய் நின்றபிறகு கூட்டாளி கம்பிக்கு மேலாக இரண்டு துப்பாக்கிகளையும் நீட்டுவான். வேட்டை உரிமம் கேட்டு வருகிறவர்களுக்குச் சர்ச்சின் கீழ்த்தளத்தில் இதைச் சொல்லிக்கொடுத்தவனே ஆர்லோதான். ஆகவே வருடாவருடம், ஒவ்வொரு வேலியிலும், அவன் காலைத் தூக்கி இறக்குகிற நேரத்துக்கு அது என்னுடையதாக இருந்தது. வேலிகள் அதிகமுள்ள பாதையாகப் பார்த்து அவனை அழைத்துப்போவேன்.

அதற்குரிய தோட்டா ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். மனைவி செத்தபிறகும் மோதிரத்தைக் கழற்றாதவர்கள் உண்டு. அந்த மாதிரிதான்.

இந்த நவம்பரில் ஓடைக்கரை வேலியில் துப்பாக்கியை என்னிடம் நீட்டிக்கொண்டே ஆர்லோ சொன்னான்: "கண்ணு சரியா தெரிய மாட்டேங்குதுடா வெர்ன். மேல துளை போட்டு ஒரு தொலைநோக்கி மாட்டிடலாம்னு இருக்கேன். திங்கக்கிழமை மச்சான் துளை போட்டுத் தர்றேன்னுருக்கான்."

"துளையா? இதுலயா?"

"ஆமா. உன்னைக் கட்டிக்கொடுக்கப் போற மாதிரி முழிக்காத. இரும்புதானடா இது."

ஒரு காலை அந்தப் பக்கம் போட்டு, கம்பிக்கு மேல் குதிரை ஏறியவன் மாதிரி நின்றான். நான் சட்டைப் பையிலிருந்த தோட்டாவைப் போட்டு மூடினேன். அந்த ஓசை அவனுக்குத் தெரியும். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "பார்த்துடா, மான்னு நெனச்சுச் சுட்டுராத. நெல்டாவுக்குத் தோல் உரிக்கக்கூடத் தெரியாது."

அவ்வளவு பக்கத்தில் குறி பார்க்க ஒன்றுமில்லை. விசை எப்போதும்போல வெண்ணெயாக வேலை செய்தது. குளிர் தாங்காதென்று அவன் தொப்பியைச் சரிசெய்தேன். துப்பாக்கியை அவன் கைக்குள் வைத்தேன். அதைப் பனியில் விட்டுவர எனக்கு மனசு வரவில்லைதான். வேலி தாண்டும்போது வழுக்கி வெடித்துவிட்டது என்று போய்ச் சொன்னேன். நான் சொன்ன கதைகளிலேயே மிகச் சாதாரணமானது அது. எல்லோரும் நம்பினார்கள்.

டேரல் முழுவதையும் கேட்டுவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"பெருசு, கொலைன்னா தடயம், துப்பாக்கியை வெட்டமாட்டாங்க. அதுக்குத்தானே இவ்வளவும்? ஊருக்கே தெரியும், அந்தத் துப்பாக்கின்னா உங்களுக்குப் பைத்தியம்."

"அதுக்காகத்தான் சொல்றேன். ஆனா பொய் சொல்லலியே."

"எனக்கு வேட்டை சொல்லிக்கொடுத்தவர் அவரு. அவரை வச்சுக் கதை விடாதீங்க. போய் வீட்டுல படுங்க."

"அது தானா வெடிக்காதுப்பா."

"வெடிக்கும். எப்படி நடந்திருக்கும்னு நான் காட்டறேன் பாருங்க."

எழுந்தான். மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துத் துப்பாக்கி மாதிரி பிடித்தான். நாற்காலியை இழுத்துப் போட்டான், அதுதான் வேலி. "இப்படி வர்றாரு. பனி. பூட்ஸ் வழுக்குது. காலைத் தூக்கறாரு..." என்று சொல்லிக்கொண்டே காலைத் தூக்கினான். தூக்கும்போதே அவன் கை, அவனைக் கேட்காமல், துடைப்பத்தை என் பக்கம் நீட்டியது.

நான் அதை வாங்கிக்கொண்டேன்.

ஒரு கால் அந்தப் பக்கமும் ஒரு கால் இந்தப் பக்கமுமாக அவன் அப்படியே நின்றான். தன் வெறுங்கையைப் பார்த்தான். பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"கையில வச்சுக்கிட்டு அவரு தாண்டியிருக்கவே மாட்டாரு," என்றான் டேரல். "நீதான், வெர்ன். நீதான் சுட்டிருக்க."