இஸ்க்ரா என்கிற பிரியா

தாம்பரம் தாலுகா ஆபீஸ் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் ஃபைல் வைத்திருந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும். அவள் சொன்னது காதில் விழுந்ததும் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"நானும் இஸ்க்ராவும் ஒரே ஆள்தான்னு எழுதிக் குடுக்கணுமாம்க்கா."

"யாருடி இஸ்க்ரா?"

"நான்தான். அப்பாவோட ரேஷன் கார்டுல அந்தப் பேரு. ஆதார்ல பிரியா. அது சரியானாதான் வாரிசு சர்ட்டிஃபிகேட்டாம்."

"இன்னா பேருடி அது?"

"ரஷ்யப் பேருக்கா. தீப்பொறின்னு அர்த்தம். அப்பா தோல் கம்பெனி யூனியன்ல இருந்தாரு. தலைவர் வந்துதான் பேர் வெக்கணும்னு மூணு மாசம் எனக்குப் பேரே வெக்கல. கடைசில ஸ்டிரைக் மேடைல வெச்சாரு. அன்னிக்கு குரோம்பேட்டைல நாலு பொண்ணுங்களுக்கு இதே பேரு."

"மத்த மூணு பேரும்?"

"எல்லாரும் மாத்திக்கிட்டாங்க. நானும் சிறுசேரில வேலைக்குச் சேர்ந்தப்ப மாத்திட்டேன். அப்பா மட்டும் விடல. போன்ல இஸ்க்ரான்னு கூப்பிட்டா கட் பண்ணிடுவேன்."

அவள் மடியிலிருந்து நழுவிய ஃபைலைக் கூட வந்தவள் நகர்த்தி வைத்தாள்.

"ஆஸ்பத்திரில கடைசியா பிரியான்னுதான் கூப்பிட்டாருக்கா. எங்க எழுந்து போயிடுவேனோன்னு பயம் போல."

உள்ளேயிருந்து கிளார்க் குரல் கொடுத்தார். "இங்க இஸ்க்ரா யாரும்மா?"

அவள் சட்டென்று எழுந்தாள். ஃபைல் கீழே விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

"நான்தான் சார். நான்தான் இஸ்க்ரா."