அறுபத்து நாலுக்கு மேல ஏறாது

இல்லல்ல, அந்தக் கதவு இல்லீங்க. அங்க ரோண்டா விசாரணை நடக்குது. வீட்டு வரி எதிர்ல, ஆனா ஒரு மணிக்குத்தான் தெறப்பாங்க. இப்படி உக்காருங்க, இந்த பெஞ்சுல மட்டுந்தான் ஹீட்டர் படும். பூட்ஸை நீட்டிக்குங்க, பனி கரையட்டும். நானும் எப்ப கூப்பிடுவாங்கன்னுதான் உக்காந்திருக்கேன்.

நானா? சாட்சி. ரோண்டா ஹைக்கினனுக்கு. இதே கவுன்டி ஆபீஸ்ல, கம்ப்யூட்டர் ரூம்ல, பதினாலு வருஷமா எனக்குப் பக்கத்து சீட்டு. டிசம்பர்ல அவளைத் தூக்கிட்டாங்க. இன்னைக்கு மேல்முறையீடு. வேலை திரும்பக் கெடைக்குமா, இல்ல பென்ஷனும் சேந்து போகுதான்னு இன்னைக்கே தெரிஞ்சிரும்.

அதேதாங்க. பனிப்புயல் அன்னைக்கு மத்தியானம், ஆபத்துன்னா கூப்பிடற நைன் ஒன் ஒன் பதினோரு நிமிஷம் செத்துக் கெடந்துச்சே. நீங்க கூப்பிடல இல்ல? நல்லவேளை. அந்த மிசஸ் ஓய்லர் கூப்பிட்டாங்க. வாசப்படியில வழுக்கி விழுந்து, எந்திரிக்க முடியாம. பனியில வெறைச்சு ரெண்டு கால்வெரல் போச்சு. உசுருக்கு ஒண்ணும் இல்ல. உசுருக்கு ஒண்ணும் இல்லன்னு நானே எனக்கு ஒரு நாளைக்கு இருவது தடவ சொல்லிக்கறேன்.

ரோண்டா என்ன பண்ணாளா? எப்படிச் சொல்றது... உங்களுக்கு கம்ப்யூட்டர் வேலை பழக்கமா? சரி, விடுங்க. பெரிய மெஷின் ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள சின்னச் சின்ன மெஷினா பிரிச்சு வெச்சிருப்போம். கையால தொட முடியாது, ஆனா தனித்தனி மெஷின் மாதிரியே ஓடும். நைன் ஒன் ஒன் அதுல ஒண்ணு. கூட்டம் ஜாஸ்தியானா ஓடிக்கிட்டு இருக்கும்போதே மெமரி ஏத்திவிடலாம், நிறுத்தவே வேணாம். சர்ச் ஹால்ல விருந்து நடக்கறப்ப ஆள் வர வர நாற்காலி போடுவோம்ல, அது மாதிரி. ஆனா மொத்தம் எத்தன நாற்காலி போடலாம்னு கதவைத் தெறக்கும்போதே முடிவாயிடும். எங்க மெஷினுக்கு அறுபத்து நாலு. அதுக்கு மேல தலைகீழா நின்னாலும் ஏறாது. அந்த வரம்பை ஒசத்தணும்னா எல்லாரையும் வெளிய அனுப்பி, ஹாலைப் பூட்டி, மறுபடி தெறக்கணும்.

ஆங், புடிச்சிட்டீங்க. நைன் ஒன் ஒன்னை எப்படிப் பூட்டறது? பூட்டலாம். முன்னாடியே சொல்லி வெச்சு, ஃபோன் எடுக்கற பொண்ணுங்களைக் காகிதத்துக்கும் பேனாவுக்கும் மாத்திட்டு, பக்கத்து கவுன்டிகிட்ட பத்து நிமிஷம் பாத்துக்கன்னு கேட்டுக்கிட்டு. அந்தப் பொண்ணுங்க திட்டுற திட்டு இருக்கே, காது கொடுத்துக் கேக்க முடியாது. குளிர்காலம் வர்றதுக்கு முன்னாடி நூத்து இருவத்தெட்டா ஒசத்தணும்னு நவம்பர்ல நாள் குறிச்சாங்க. ஞாயித்துக்கிழமை, காலைல எட்டு மணி. அது என் வேலை.

நவம்பர் பதினஞ்சு, ஆமா! நீங்களும் இந்த ஊர்தானே. மான் வேட்டை தொடங்கற நாள்ல எவனாவது ஆபீஸுக்கு வருவானா? பள்ளிக்கூடத்துக்கே லீவு விடற ஊரு. எங்க மேனேஜர் டெட்ராய்ட்லேர்ந்து புதுசா வந்தவன், அவனுக்கு என்ன தெரியும், காலண்டர்ல காலியா இருந்துச்சுன்னு குறிச்சிட்டான். என் மச்சானுங்க சனிக்கிழமையே காட்டுல வேட்டை கேம்ப்புக்குப் போயி அடுப்பு மூட்டியாச்சு.

நானும் கேம்ப்புக்குத்தான் போனேங்க. போகாம?

எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம். ஒருத்தர் வேலையப் பண்ணணும், இன்னொருத்தர் திறந்து பாத்து சரின்னு டிக் போடணும். புத்தகத்துல அப்படி. நடப்புல, சீட்டுல இருந்தபடியே ஆச்சான்னு கேப்போம், ஆச்சும்போம், டிக் விழுந்துரும். பதினாலு வருஷமா அப்படித்தான். கேம்ப்புக்குப் பின்னாடி ஒரு மேடு, அங்க ஏறினா ஃபோன்ல ஒரு கம்பி சிக்னல் வரும். அங்க நின்னு ரோண்டாவுக்கு ஆச்சுன்னு ஒரு மெசேஜ் போட்டேன். பெரிய கொம்பா பாத்து அடிடா டெரில்னு பதில் போட்டுட்டு டிக் போட்டுட்டா.

இல்ல, ஒண்ணும் அடிக்கல. ரெண்டு நாள் கறி அடைச்ச பாஸ்டி ரொட்டி தின்னுட்டு வந்தேன்.

புயல் அன்னைக்கு ஃபோன் மேல ஃபோன். மெஷின் திணறுது. அவதான் சீட்டுல. நிதானமாத்தான் இருந்தா, பயப்படாத டெரில், வரம்புதான் ஒசத்தியாச்சேன்னு சொல்லிக்கிட்டே தொண்ணூத்தாறுன்னு அடிச்சா. ஏறல. வரம்பு மீறுதுன்னு வந்துச்சு. மறுபடி அடிச்சா. அதுக்குள்ள மூச்சு முட்டி மெஷின் மொத்தமா நின்னுபோச்சு.

வேலைய விட்டுத் தூக்கறதுக்கு முன்னாடி நடந்த விசாரணையில அவ அதையேதான் சொன்னா. வரம்பு மீறுதுன்னு வந்துச்சுன்னு. மெஷின் விழுந்தப்ப அந்த நேரத்துப் பதிவும் அதோட போயிருச்சு. விசாரிச்சவங்க மெஷினைத் திறந்து பாத்தாங்க, வரம்பு நூத்து இருவத்தெட்டுன்னு பளிச்னு நிக்குது. தொண்ணூத்தாறு எப்படிம்மா மீறும்? நீ பதட்டத்துல வேற நம்பர் அடிச்சிருக்கேன்னுட்டாங்க.

ரெண்டு வாரம் சண்டை போட்டா. அப்புறம் அவளே நம்ப ஆரம்பிச்சிட்டா. அதுதாங்க... கிறிஸ்மஸுக்கு வீட்டுக்குப் போனேன். டேபிள்ல கையை விரிச்சு வெச்சுக்கிட்டு வெரலையே பாத்துக்கிட்டு இருக்கா. நூத்துத் தொண்ணூத்தாறுன்னு அடிச்சிருப்பேன் போல டெரில், முன்னாடி ஒரு ஒண்ணு விழுந்திருக்கும், எனக்கு நெனப்பே இல்லங்கறா. மிசஸ் ஓய்லருக்கு வாராவாரம் சூப் கொண்டுபோயிக் குடுக்கறா. இன்னைக்கு என்னைய சாட்சிக்குக் கூப்பிட்டதும் அவதான். இவ கவனமான ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்னா.

அய்யோ, பேரைக் கூப்பிடறாங்க. வர்றேங்க, ஒரு நிமிஷம், கோட்டு.

என்ன கேட்டீங்க? மேட்டுல நின்னு ஒரு கம்பி சிக்னல்ல எப்படி ஒசத்தினேன்னா?

ஒசத்தலைங்க. புயல் அன்னைக்குத்தான் ஒசத்தினேன். மெஷின் நின்னுபோச்சுல்ல, பூட்டின ஹாலு. ரோண்டா ஃபோன்ல பக்கத்து கவுன்டிகிட்ட கெஞ்சிக்கிட்டு இருந்தா. எல்லாரும் அவ ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க, என் ஸ்க்ரீனை யாரும் பாக்கல. அறுபத்து நாலை அழிச்சேன், நூத்து இருவத்தெட்டு போட்டேன், அதுக்கப்புறந்தான் மெஷினை எழுப்பினேன். பதினோரு நிமிஷத்துல நாலு நிமிஷம் அதுக்கே போச்சு.

இந்தத் தொப்பியை மட்டும் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? உள்ள போட்டுக்கக் கூடாதாம்.