பேசாம இருந்தா நல்ல வீடுதான்

...பஸ்காரன் பாதியிலயே எறக்கி விட்டுட்டானா? விடுவான் டீச்சர், அவன் எல்லாரையும் அந்த வளைவுலதான் எறக்கி விடுவான். நான் ரோட்டக் கொற சொல்ல மாட்டேன். ரோடு பாவம், அது என்ன செய்யும், வருசா வருசம் மழையோட சேந்து அதுவும் கீழ இருக்குற பணிய லயத்துக்கு எறங்கிப் போயிருது. அப்புறம் அத அள்ளிக்கிட்டு வந்து மேல கொட்டுவாங்க. செருப்ப அப்பிடி ஓரமா விடுங்க. இந்தா, இந்த நாற்காலியில ஒக்காருங்க. ஆடும், ஆனா விழாது. இல்ல... ஒரு தடவ விழுந்திச்சி. அது கொஞ்சம் கனமான ஆளு. நீங்க தைரியமா ஒக்காருங்க.

எம் பேரு நாகலெட்சுமி. பிரின்சிபல் சார் சொல்லியிருப்பாரு. ஒங்ககிட்ட என்ன சொன்னாருன்னு நான் கேக்கப் போறதில்ல. எங்கிட்ட என்ன சொன்னாருன்னா, "நாகலெட்சுமி, மாத்தளையிலருந்து பஸ்மிலான்னு ஒரு கணக்கு டீச்சர் வாறாங்க. இந்தத் தோட்டத்துலயே வாடகைக்குன்னு இருக்குறது ஒங்க வீட்டு ரூமு ஒண்ணுதான். ரூமக் காட்டுங்க, தண்ணியக் காட்டுங்க, அப்புறம் வாய மூடிக்கிட்டு இருங்க"ன்னாரு. அப்பிடியே சொன்னாரு டீச்சர். ஒரு பிரின்சிபல் பேசுற பேச்சா இது? ஆனா நான் சரின்னுட்டேன். ஏன்னா எங்க சின்னவ, பிரியந்தி, இந்த வருசம் ஓ.எல். பரீட்ச எழுதப் போறா. கணக்குப் பாடம் வந்தா அந்த வகுப்பே வெளியில வந்து பந்து அடிக்குது. சொல்லிக் குடுக்க ஆளு இல்ல. கணக்குல பெயிலான பொம்பளப் புள்ளைக்கு இங்க ரெண்டே வழிதான், ஒண்ணு கொழுந்து, இல்லாட்டி கொழும்பு. நான் தேயிலக் கொழுந்து பறிக்கப் போனவ. அவ ரெண்டுக்கும் போகக் கூடாது.

அதுனால நீங்க இங்க இருக்கணும். நீங்க இருக்கணுங்கறதுக்காக நான் பேசப் போறதில்ல. ரூமப் பாருங்க.

இதுதான் ரூமு. ஜன்னலத் தொறந்தா மஸ்கெலியா கொளம் அப்பிடியே படம் மாதிரி தெரியும். இன்னைக்குத் தெரியாது, பனி. நாளைக்கும் தெரியாது. மழ விட்டா தெரியும்... மழ விடுறப்ப ஸ்கூலு லீவு விட்டுருவாங்க, நீங்க ஊருக்குப் போயிருவீங்க. ஆனா தெரியும் டீச்சர், நான் பாத்திருக்கேன்.

கட்டிலு ஏன் கோணலா கெடக்குதுன்னு பாக்குறீங்க. அது ஒரு கத. டவுன்ல பலசரக்குக் கட வச்சிருக்காரு அஸ்லம் நானா. அவருகிட்டப் போயி, "நானா, நீங்க எந்தப் பக்கம் பாத்துத் தொழுவீங்க?"ன்னு கேட்டேன். கடையில நின்னுக்கிட்டே கைய நீட்டிக் காட்டுனாரு. நானும் அந்தக் கைய மனசுல புடிச்சிக்கிட்டு பஸ்ஸுல ஏறுனேன். பஸ்ஸு என்னா, வளைவுக்கு வளைவு திரும்புது. ஒரு வளைவுல அந்தக் கை மலையப் பாத்துச்சி, இன்னொரு வளைவுல கொளத்தப் பாத்துச்சி. வீடு வந்து சேர்றப்ப அது எங்க போச்சின்னே தெரியல. அப்புறம் பிரியந்தி போன்ல பாத்துச் சொன்னா. கால் நீட்டுற பக்கம் தொழுற தெச வரக் கூடாதுன்னு கட்டிலத் திருப்பிப் போட்டேன். இப்ப கதவு பாதிதான் தொறக்குது. பரவாயில்ல, நீங்க ஒல்லிதான்.

சட்டி பான எல்லாம் ஒங்களுக்குப் புதுசு வாங்கி வச்சிருக்கேன். கோழி வாங்குனா நானா சொல்ற கடையிலதான் வாங்குவோம். அதுல ஒண்ணும் பயப்பட வேணாம். சிறுத்தப் புலி மட்டும் வரும். வருமே தவிர நாயத்தான் தூக்கும். டீச்சருங்கள இதுவரைக்கும் தூக்குனதில்ல. அது தூக்குறதுக்கு முந்தி அவங்களே போயிட்டாங்க.

பாத்தீங்களா, புலியச் சொல்லக் கூடாதுன்னு காலையிலருந்து நெனச்சிக்கிட்டே இருந்தேன். ஆனா சொல்லாம விட்டா பிறகு நீங்க ஒரு நா ஜன்னல்ல பாத்துட்டு, "இந்தம்மா மறைச்சிருச்சி"ன்னு நெனைக்க மாட்டீங்களா? எனக்கு அதுதான் பயம். கொற எதுன்னாலும் முன்னுக்கே சொல்லிறணும். அட்டையும் இருக்கு.

இல்ல, நீங்க ஒக்காருங்க, நான் தேத்தண்ணி ஊத்துறேன். இந்தா, குசினி பக்கத்துலதான். இங்கருந்து பேசுனாலும் அங்க கேக்கும். கேக்குதா டீச்சர்?... கேக்கும்.

இந்த ரூம டீச்சருங்களுக்குன்னு நான் கட்டல. மூத்தவன், திலக்ஷன், கொழும்புல ஹோட்டல் வேல செஞ்சி, கல்யாணத்துக்குன்னு கட்டுனான். எங்களுக்குக் கெடச்ச தனி வீட்டோட ஒட்டிக் கட்டுனது. மருமகளும் வந்தா. நல்ல புள்ள. வந்து கொஞ்ச நாள்லயே, "மாமி, கக்கூசு வெளியில இருக்கு, மழையில போக முடியல"ன்னா. நாயந்தானே? உள்ளுக்கே கட்டுனோம். கட்டி முடிச்சி ஓடு பதிச்ச மாசம், ரெண்டு பேரும் கொழும்புக்குப் பக்கத்துல வத்தளைக்குப் போயிட்டாங்க. அங்க ஒரே ஒரு அறையில இருக்காங்க டீச்சர். சம்பளத்துல பாதி வாடகைக்கே போயிருதாம். இங்க ஓடு பதிச்ச கக்கூசு சும்மா கெடக்குது.

அப்புறந்தான் பிரின்சிபல் சார் வந்தாரு. டீச்சருங்க இருக்க எடம் இல்லாம ஸ்கூலுக்கு ஆளே வாறதில்லன்னாரு. அவரு சொல்றதும் நெசந்தான். ஸ்கூலு குவார்ட்டர்ஸ் கூரை காத்துல போனது போனதுதான். லயம் கம்பெனியோடது, தேயில மலையில பேரு பதிஞ்சி வேல செய்றவங்களுக்குத்தான் அதுல ஒத்த ரூமு காம்பரா. நோர்வூட்டுல நீங்களும் தேடிப் பாத்திருப்பீங்க. மல ஏற வாற வெள்ளக்காரங்களுக்குன்னு எல்லா ரூமுலயும் போர்டு போட்டுட்டாங்க. அவங்க நாலு ராத்திரிக்குக் குடுக்குறத டீச்சரு மாசம் பூரா கொழந்தைங்களோட கத்திச் சம்பாதிக்கணும். அதுனால நான் சரின்னேன். வாடகைய நீங்களே சொல்லுங்க. நீங்க எதச் சொன்னாலும் நான் சரின்னுதான் சொல்லப் போறேன், அது மட்டும் சாருக்குத் தெரிய வேணாம்.

மொத வந்தது சுதர்ஷினி டீச்சர், விஞ்ஞானம். "தண்ணி தூரத்துல இருக்கு, பீலிக்குப் போயி தூக்கிட்டு வர முடியல"ன்னு போயிட்டாங்க. அவங்க போனப் பிறகு நான் பைப்பு இழுத்தேன். இப்ப வாசலுக்கே தண்ணி வருது. அப்புறம் ஒரு இங்கிலீஷ் டீச்சர். "செவுரு ஈரம், இருமுது"ன்னாங்க. அவங்க போனப் பிறகு செவுரு பூசுனேன். இப்பிடியே போறவங்க எல்லாரும் ஒரு கொறையச் சொல்லிட்டுப் போவாங்க, நான் அத ரிப்பேர் பண்ணுவேன். வர வர வீடு நல்லா ஆயிக்கிட்டே வருது டீச்சர், ஆளுதான் இருக்க மாட்டேங்குறாங்க.

அந்த இங்கிலீஷ் டீச்சர் பஸ்ஸுல ஏறுறப்ப எங் கையப் புடிச்சிக்கிட்டு, "அக்கா, நெசமா சொல்றேன், செவுரு காரணம் இல்ல"ன்னாங்க. பிறகு என்னான்னு கேட்டேன். சிரிச்சிட்டு ஏறிட்டாங்க. நான் ரெண்டு நாளா யோசிச்சேன். செவுரு இல்லன்னா கூரையா இருக்கும்னு ஏணி வச்சி ஏறிப் பாத்தேன். கூரையில ஒண்ணும் இல்ல. எறங்குறப்ப முட்டியிலதான் அடி.

சீனி எத்தன கரண்டி டீச்சர்?... சரி, ரெண்டே போடுறேன்.

பேச்சு எனக்குக் கொஞ்சம் கூடத்தான். அது லயத்துல வந்த பழக்கம். லயத்துல நீங்க இருந்திருக்க மாட்டீங்க. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவுல இருக்குற செவுரு கூரை வரைக்கும் போகாது, மேல தொறந்து கெடக்கும். நான் இந்தப் பக்கம் ரொட்டிக்கு மாவு பெசஞ்சிக்கிட்டே பேசுவேன். அந்தப் பக்கம் பூரணி தேங்கா திருவிக்கிட்டே கேப்பா. கேட்டாளோ, கேக்கலையோ. அவ தூங்கிட்டாக்கூட பேச்சு அந்தப் பக்கம் போயி எங்கயாவது விழும். நல்லா இருந்திச்சின்னு சொல்ல வரல. ஒரு வீட்டுல புருசன் இருமுனா மூணு வீட்டுல புள்ள முழிச்சிக்கும். தனி வீடு வேணும்னு மொத ஆளா கத்துனதே நான்தான். கெடச்சிது. வந்த அன்னைக்கி அடுப்பப் பத்த வச்சிட்டு வழக்கம் போல பேசுறேன், பேச்சு செவுத்துல முட்டி எனக்கே திரும்பி வருது. அன்னைக்கித்தான் நானும் என் பேச்ச மொத மொதக் கேட்டேன். பூரணி பாவம்னு அன்னைக்கித்தான் தெரிஞ்சிது.

அவ இன்னும் அங்கதான் இருக்கா. அவ பேரு வீட்டுத் திட்டத்துல வரல. மகன் தனுஷனுக்கு இப்பத்தான் கல்யாணம் முடிஞ்சிது. புதுசா வந்த புள்ளையோட சேத்து அந்த ஒரு காம்பராவுல ஆறு பேரு. ராவுல அந்தப் பையன் சும்மா போயி பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துட்டு வாறான். நேத்து வந்து கேட்டா, "அக்கா, அந்த ரூம எங்க தனுஷனுக்குக் குடுங்களேன்"ன்னு. கணக்கு டீச்சர் வாறாங்கன்னேன். "டீச்சரு இருக்கலன்னா?"ன்னா. இருப்பாங்கன்னேன். "இருக்கலன்னா?"ன்னு மறுபடி கேட்டா. அப்ப கூட்டிக்கிட்டு வந்துருன்னுட்டேன். வேற என்ன சொல்லுவேன் டீச்சர், எல்லாத்துக்கும் பேசுற வாயி, இல்லன்னு சொல்ல மட்டும் வரல. நீங்க போனா நாளைக்கே அவங்க வந்துருவாங்க. அதுவும் நாயந்தான். ஆனா அப்புறம் இந்த ஸ்கூலுக்குக் கணக்கு டீச்சருன்னு ஒருத்தரு எந்தக் காலத்துலயும் வர மாட்டாங்க. வந்தா எங்க படுப்பாங்க?

ஒங்களப் பயமுறுத்தச் சொல்லல. சும்மா சொன்னேன். இந்தா, சூடா இருக்கு, புடிங்க... பிஸ்கட் நமுத்துப் போச்சி, அதையும் முன்னுக்கே சொல்லிறேன்...

டீச்சர்?

நாற்காலியில ஆளக் காணோம். பேக்கும் இல்ல. அந்தா, கீழ வளைவுல பஸ்ஸு ஹோன் அடிக்குது.

போயிட்டாங்க.

நான் அங்க சீனி கலக்கிக்கிட்டு இருக்கேன், இவங்க சத்தமில்லாம எழும்பி... போகட்டும். நல்ல படிச்ச புள்ள, சண்ட போட்டுட்டா போகும்? ஏய் நாகலெட்சுமி, இப்ப சந்தோசமா ஒனக்கு? பைப்பு இழுத்த. செவுரு பூசுன. கூரைக்கு மேல ஏறி முட்டிய ஒடச்சிக்கிட்ட. ரிப்பேரு பாக்க வேண்டியது மூக்குக்குக் கீழ இருந்திச்சி, அது ஒன் கண்ணுக்குப் படல. மருமக கக்கூசுன்னா, ஒருத்தி தண்ணின்னா, இன்னொருத்தி செவுருன்னா. எல்லாரும் மரியாதையான புள்ளைங்க. ஒம் மூஞ்சிக்கி நேரா சொல்ல மனசு வராம ஆளுக்கொரு சாமானக் கை காட்டிட்டுப் போயிருக்குங்க.

இப்ப பிரியந்தி வருவா. "அம்மா, டீச்சர் எங்க?"ம்பா. நான் என்ன சொல்லுவேன், புலி தூக்கிட்டுப் போச்சின்னா?

ஓடிப் போயி வளைவுல மறிக்கலாம். பஸ்ஸு அங்க கொஞ்ச நேரம் நிக்கும். மறிச்சி... மறிச்சா மறுபடி பேசணுமே.

பேசாம கையெடுத்துக் கும்புடலாம். வாயத் தொறக்காம. அப்பிடி ஒண்ணு எனக்கு வருமா? பாப்போம், எஞ் செருப்பு எங்க...

இது யாரு செருப்பு?

டீச்சர் செருப்பு. விட்ட எடத்துலயே கெடக்குது. கடவுளே, வெறுங்காலோட அந்தக் கல்லு ரோட்டுல ஓடுற அளவுக்கா பயந்துட்டாங்க?

...இரு. ரூமு கதவு சாத்தியிருக்கு. நான் சாத்தலையே. அது பாதிதானே தொறக்கும், ஒல்லியா இருந்தா நொழஞ்சிறலாம்...

உள்ள கட்டிலு கிறீச்சின்னுது. பேக்கு ஜிப்பு இழுக்குற சத்தம். இந்தா, தாப்பாளப் போடுறாங்க.

போறவங்க தாப்பாளப் போட மாட்டாங்கதானே?

டீச்சர்... தேத்தண்ணிய கதவோரத்துல வைக்கிறேன். தட்டு போட்டு மூடியிருக்கேன். கதவத் தொறக்க வேணாம். நான் ஒண்ணும் பேச வரல. ராவைக்கு ரொட்டி சுடவா, சோறு ஆக்கவான்னு மட்டும்... இல்ல இல்ல, பதில் சொல்ல வேணாம். நான் ரெண்டும் செய்றேன்.